பழைய கார் வாங்கும் முன் என்ஜினைச் சோதிப்பது எப்படி? நெல்லைச் சீமைக்கான முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றுதான். அடுத்தது எத்தனையாவது ஓனர், அதற்கடுத்தது டயர். என்ஜின் கடைசியில்தான் பேச்சுக்கு வரும். "என்ஜின் எப்படி அண்ணாச்சி?" என்று இவர் கேட்பார். "கையே வைக்காத கம்பெனி என்ஜின்" என்று அவர் சொல்வார். விஷயம் அதோடு முடிந்துவிடும்.

கிலோமீட்டரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மீட்டரைத் திருப்புவது சில நிமிட வேலை. அப்படியே உண்மையான கிலோமீட்டராக இருந்தாலும், நான்குவழிச் சாலையில் சீராக ஓடிய ஒன்றரை லட்சம், டவுனுக்குள் நின்று நின்று ஓடிய எழுபதாயிரத்தைவிட என்ஜினுக்கு நல்லது. இந்த வட்டாரத்தில் நான் பார்த்தவரை, ஓடித் தேய்ந்த என்ஜின்களைவிடத் தண்ணீரால் கெட்ட என்ஜின்கள்தான் அதிகம். ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தவை ஒரு பக்கம், வெள்ளத்தில் மூழ்கிக் கெட்டவை இன்னொரு பக்கம். ஆகவே இந்த வழிகாட்டி தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாயும்.

போவதற்கு முன்

வண்டி பார்க்கும் நேரத்தை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். காலை ஆறரை, ஏழு மணிக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், என்ஜினைக் கழுவவும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். தேய்ந்த பிஸ்டன்கள் சூட்டில் விரிந்து இடைவெளி குறைவதால் தட்டும் சத்தம் அடங்கிவிடும். பலவீனமான பேட்டரி, செத்துப்போன குளோ பிளக் (குளிர்ந்த டீசல் என்ஜினைச் சூடாக்கித் தருவது), தளர்ந்த டைமிங் செயின் (வால்வுகளை உரிய நேரத்தில் திறக்க வைக்கும் சங்கிலி) எல்லாம் இரவு முழுக்க நின்ற வண்டியை முதன்முதலில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் வெளிப்படும். கழுவாதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. எங்கே எண்ணெய் கசிகிறது, எங்கே கூலண்ட் வழிந்து காய்ந்திருக்கிறது என்பதை அழுக்கே காட்டிக்கொடுத்துவிடும். பளபளவென்று துடைத்து பாலிஷ் அடித்த என்ஜின் அறையைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை.

ஒரு டார்ச், வெள்ளைப் பருத்தித் துணி, புகையைப் படம் பிடிக்க செல்பேசியோடு கூட ஓர் ஆள், முடிந்தால் காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனர். இவ்வளவு போதும். மெக்கானிக்கையும் அழைத்துப் போங்கள், ஆனால் தரகர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். நீங்கள் அழைத்துப் போகிறவருக்கும் வண்டியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அன்றைய கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். வியாபாரம் முடிந்தால்தான் காசு என்று வைத்தால், வியாபாரம் முடிய வேண்டும் என்றுதான் அவரும் நினைப்பார்.

பானெட்டும் தரையும்

போனவுடன் முதல் வேலை பானெட்டில் கை வைத்துப் பார்ப்பது. திறந்தபின் என்ஜின் மேலும் மேல் ரேடியேட்டர் ஹோஸ் மேலும் வையுங்கள். சூடு தட்டினால், "துடைப்பதற்காகக் கொஞ்சம் வெளியே எடுத்தேன் சார்" என்று பதில் வரும். உண்மையாகவும் இருக்கலாம். எதுவானாலும் "நாளைக்கு வருகிறோம்" என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். வண்டி எங்கும் போய்விடாது. போய்விட்டால் வேறு வண்டி கிடைக்கும்.

பிறகு குனிந்து தரையைப் பாருங்கள். முந்தைய நாள் இரவு வண்டி நின்ற இடமே என்றால் இன்னும் நல்லது. கறுப்புச் சொட்டு என்ஜின் எண்ணெய், பச்சையோ ரோஜா நிறமோ தெரிந்தால் கூலண்ட், நிறமற்ற தண்ணீர் பெரும்பாலும் ஏசியிலிருந்து வடிந்தது, அதற்குக் கவலை வேண்டாம்.

ரேடியேட்டர்: இங்கேதான் பொறுமை வேண்டும்

என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் பீறிடும். சில புதிய கார்களில் ரேடியேட்டர் மேலேயே மூடி இருக்காது. அவற்றில் கூலண்ட் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள்.

உள்ளே தெரிவது பச்சை, நீலம், ரோஜா, எந்த நிறமானாலும் தெளிவாக இருந்தால் நல்லது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெறும் தண்ணீரோ துருப்பிடித்த செம்பழுப்போ தெரிந்தால் நிதானியுங்கள். "நம் ஊரில் பனியா பெய்கிறது, கூலண்ட் எதற்கு? அது குளிர்நாட்டுக்காரன் சமாச்சாரம்" என்று சொல்லும் டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீர் உறையாமல் தடுப்பது கூலண்டின் வேலைகளில் ஒன்றுதான். கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காப்பதும் அதன் வேலைதான். பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் நமக்குத் தேவைப்படுவதும் அதுவே.

கூலண்ட் இல்லாத இடத்தில் ஊற்றப்படுவது பெரும்பாலும் போர் தண்ணீர். கடலோர ஊர்களிலும் திசையன்விளை, ராதாபுரம் வட்டாரத்தின் பல இடங்களிலும் அது உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீர் சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து என்ஜினுக்குள் அதிகம் சூடேறும் இடத்தில், அதாவது சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியுள்ள நீர்ப்பாதைகளில், படிந்து இறுகும். அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தாது. மீட்டர் முள் நடுவில் நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே ஓரிடம் மட்டும் கொதிக்கும். அலுமினிய ஹெட் வளையும், ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் விட்டுவிடும். உப்பிலுள்ள குளோரைடு வாட்டர் பம்பையும் ரேடியேட்டரையும் தனியாக அரித்துக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். மூடிக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதியில் ஆள்காட்டி விரலை விட்டுச் சுற்றித் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. சொரசொரவென்று பட்டு, நகத்தால் சுரண்டியதும் வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தால் அது உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த என்ஜின். மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். உள்ளே நறநறவென்று நொறுங்கும் உணர்வு வந்தால் படிவு ஹோஸ் வரை வந்துவிட்டது. விரலில் மஞ்சள் கசடு ஒட்டினால் ஒரு முறை மோந்து பாருங்கள். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள் தூளைக் கொட்டி அடைப்பது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். வழியில் நின்றுவிட்ட லாரிக்கு அது சரி. விற்பனைக்கு நிற்கும் காரில் சாம்பார் வாசம் வரக் கூடாது.

கூலண்டின் மேல் எண்ணெய்த் திரை மிதக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யும்போது முதல் இரண்டு நிமிடங்கள் அங்கே ஓர் ஆளை நிறுத்துங்கள். சில குமிழிகள் வந்து அடங்கினால் காற்று வெளியேறுகிறது. விடாமல் குமிழிகள் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரின் அழுத்தம் தண்ணீருக்குள் கசிகிறது. ஹெட் கேஸ்கட்டோ ஹெட்டோ போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

திருச்செந்தூர், உவரி போன்ற கடற்கரை ஊர்களில் பல ஆண்டுகள் நின்ற வண்டி என்றால் ரேடியேட்டரின் முன்பக்கத் தகடுகளை விரலால் மெல்லத் தொடுங்கள். உப்புக் காற்று பட்ட தகடு தொட்டதும் பொடியாக உதிரும்.

எண்ணெய்

ஆயில் ஸ்டிக்கை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். அளவு இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பெட்ரோல் காரில் எண்ணெய் தேன் நிறத்திலிருந்து பழுப்பு வரை இருக்கலாம். டீசல் காரில் எண்ணெய் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும், ஆகவே கறுப்பைப் பார்த்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. விரல்களுக்கிடையில் தேய்த்து மணல்போல் நெருடுகிறதா, பெட்ரோல் அல்லது டீசல் வாசம் தூக்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த வண்டியைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

ஒரு விலக்கு உண்டு. சாரல் பருவத்தில் குற்றாலம், தென்காசிப் பக்கம் வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய காரில், ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெளிறிய பசை இருக்கலாம். என்ஜின் முழுச் சூட்டை எட்டாததால் ஈரம் குளிர்ந்து படிவது அது. ஸ்டிக்கில் சுத்தமான எண்ணெயும் ரேடியேட்டரில் குறையாத கூலண்டும் இருந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

புத்தம் புதிய எண்ணெய் ஊற்றியிருந்தாலும் யோசிக்க வேண்டும். விற்கப் போகிற வண்டிக்கு யாரும் ஆசையாக எண்ணெய் மாற்றுவதில்லை. 5டபிள்யூ-30 ஊற்ற வேண்டிய என்ஜினில் 20டபிள்யூ-50 போன்ற கனத்த எண்ணெயை ஊற்றினால் சத்தமும் புகையும் சில வாரங்களுக்கு அடங்கியிருக்கும். மாற்றிய பில்லைக் கேளுங்கள், அதில் எண்ணெயின் தரம் எழுதியிருக்கும்.

முதல் ஸ்டார்ட்

சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். என்ஜின் எச்சரிக்கை விளக்கும் ஆயில் விளக்கும் இப்போது எரிய வேண்டும். எரியாவிட்டால் யாரோ அவற்றை அணைத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு பார்வையைப் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். டீசல் வண்டியில் குளோ பிளக் விளக்கு அணையும்வரை பொறுங்கள்.

கூட வந்தவரை சைலன்சர் பக்கம் செல்பேசியில் படம் பிடிக்கச் சொல்லிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃப் ஒன்றிரண்டு விநாடிகள் சுற்றியதும் என்ஜின் பிடிக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். விற்பவரையும் மிதிக்க விடாதீர்கள். ஆயில் விளக்கு இரண்டு மூன்று விநாடிகளில் அணைய வேண்டும். முதலில் சற்று வேகமாகச் சுற்றும் என்ஜின், சூடேறச் சூடேற 700 முதல் 900 சுற்றுக்குள் வந்து அமைதியாக வேண்டும்.

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புன்டோ, விஸ்டா எனப் பல கார்களில் வந்த 1248 சிசி மல்டிஜெட் டீசல் என்ஜினை இந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அதில் டைமிங் செயின் எண்ணெய் அழுத்தத்தால் இறுக்கப்படுகிறது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஒரு விநாடி சலசலத்து அடங்கினால் விட்டுவிடலாம். தொடர்ந்து சலசலத்தால் செயின் வேலை காத்திருக்கிறது. மேல்புறத்தில் கேட்கும் டிக் டிக் சத்தம் வால்வுகளைத் திறக்கும் டேப்பட் பக்கத்தது, பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அடிவயிற்றிலிருந்து, ஆக்சிலேட்டர் கூடக் கூட, கனத்த தட்டல் வந்தால் அது பேரிங் சத்தம். என்ஜினை இறக்காமல் தீராது.

புகை: நீலம் வந்தால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு வந்தால் எரிபொருள் முழுமையாக எரியவில்லை, எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டரோ ஏர் ஃபில்டரோ காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவோ காரணமாக இருக்கலாம். வெள்ளை ஆவி குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வந்து மறைவது இயல்பு. சூடான பிறகும் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை வந்தால் கூலண்ட் எரிகிறது.

பேக் கம்ப்ரஷன்

நம் மெக்கானிக்குகள் முதலில் செய்யும் சோதனை இதுதான், நம்பத்தக்க சோதனையும்கூட. என்ஜின் சூடேறி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். சில என்ஜின்களில் எண்ணெய் தெறிக்கும், துணியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியை அதே வாயின் மேல் தலைகீழாக, திருகாமல், வையுங்கள். நல்ல என்ஜினில் மூடி லேசாக அதிர்ந்தபடி உட்கார்ந்திருக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்த என்ஜினில் அது துள்ளும், மோசமானால் எகிறி விழும். வாயிலிருந்து ரயில் எஞ்சின் மாதிரி புகை தள்ளும். சிலிண்டரில் எரியும் வாயு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி அங்கிருந்து மேலே வருவதுதான் இது. டீசலில் மெல்லிய ஆவி வருவதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். பெட்ரோல் காரில் மூடியைத் திறந்ததும் ஐடில் கொஞ்சம் தடுமாறினால் அதுவும் இயல்பே.

இதை மறைக்க ஒரு தந்திரம் உண்டு. என்ஜினிலிருந்து ஏர் ஃபில்டர் குழாய்க்குப் போகும் பிரீதர் ஹோஸைக் கழற்றிக் கீழ்நோக்கி விட்டுவிடுவார்கள். அந்த ஹோஸ் தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திறங்கள்.

டர்போ உள்ள வண்டியில், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஹோஸின் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு எல்லா டர்போ வண்டியிலும் இருக்கும். சொட்டினால் டர்போ போகத் தொடங்கிவிட்டது.

ஓட்டிப் பார்த்தல்

தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது ஓட்டிப் பார்த்தல் ஆகாது. அரை மணி நேரமாவது வேண்டும், நீங்களே ஓட்ட வேண்டும். வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் பார்க்கிறவர்கள் கேடிசி நகர் வழியாக 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு ஏறி நாங்குநேரிப் பக்கம் விடலாம். மூன்றாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். இழுவை சீராக வர வேண்டும். விட்டு விட்டு இழுத்தால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. 80-இல் போகும்போது காலை எடுத்து, கியரிலேயே சில விநாடிகள் தவழவிட்டு, மறுபடி அழுத்துங்கள். கண்ணாடியில் நீலப் புகை பறந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது.

இங்கே வெப்பமானியைக் கவனிக்க வேண்டும். பத்து நிமிடங்களுக்குள் முள் நடுப்பகுதிக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் முள் கீழேயே கிடந்தால் "பார்த்தீர்களா, சூடே ஏறாத வண்டி" என்று பெருமையாகச் சொல்வார்கள். என்ஜின் சூடேறும்வரை கூலண்டைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கு அது சொல்கிறது. வண்டி சூடேறிய புகாருக்கு நம் பக்கத்தில் சில பட்டறைகள் செய்யும் அவசர வைத்தியம் இது. என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடுவதால் மைலேஜ் குறையும், எண்ணெயில் கசடு சேரும். எதற்காகக் கழற்றினார்கள் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் ரேடியேட்டரின் வெள்ளைப் பொருக்கில் இருக்கும்.

திரும்பும்போது வண்ணார்பேட்டை, ஸ்ரீபுரம் நெரிசலில் ஏசியைப் போட்டு ஊர்ந்து வாருங்கள். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் இரண்டாம் கியரில் ஏறும்போது இழுவையும் கிளட்சும் ஒருசேரத் தெரியும். தென்காசிக்காரர்களுக்குப் புளியரை மலைப்பாதை பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஏற்றத்தில் ஏசியோடு ஏறி முள் அசையாவிட்டால் கூலிங் நன்றாக இருக்கிறது.

வந்து நிறுத்தியதும் அணைக்காதீர்கள். ஏசியோடு இருபது நிமிடம் ஐடிலில் விடுங்கள். ரேடியேட்டர் விசிறி ஓடுவதும் நிற்பதுமாக இருக்க வேண்டும். பிறகு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். காலையில் உடனே பிடித்த டீசல் வண்டி சூட்டில் நீண்ட நேரம் செல்ஃப் சுற்றினால், இன்ஜெக்டர்களோ உயர் அழுத்தப் பம்போ தேய்ந்திருக்கலாம். டீசலில் செலவு மிகுந்த இரண்டும் அவைதான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, ஜங்ஷன் பகுதிகளுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. அன்று மூழ்கிய கார்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. கழுவி, உலர்த்தி, சீட் உறை மாற்றிச் சந்தைக்கு வந்தவையும் உண்டு. கேரளத்து வண்டிகள் செங்கோட்டை வழியாகத் தென்காசிச் சந்தைக்கு வருகின்றன. கேரளத்தில் 2018 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளத்தையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

நின்ற வண்டிக்குள் தண்ணீர் ஏறுவது ஒரு வகை, ஓடும் என்ஜின் தண்ணீரை உறிஞ்சுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கொடியது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். உடைந்துவிட்டால் அன்றே தெரிந்துவிடும். இம்மி வளைந்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், விற்கப்படும். சில மாதங்கள் கழித்து வாங்கியவர் கையில் ராட் உடைந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து அடித்தட்டில் டார்ச் அடியுங்கள். ஃபில்டர் புதியதாக இருக்கலாம், பெட்டியின் மூலைகளில் படிந்த மெல்லிய வண்டல் எளிதில் போகாது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் சுற்றுத் துளைகளிலும், ஃபியூஸ் பெட்டியின் அடியிலும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் அதே வண்டல் இருக்கும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். கழுவுகிறவர்கள் அதுவரை போவது அரிது. சீட்டுக்கடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, தரைவிரிப்பைத் தூக்கினால் அடிப்பஞ்சில் ஈரம், ஹெட்லைட்டுக்குள் பூத்த நீர், காருக்குள் தாங்க முடியாத சென்ட் வாசம், இவை தனித்தனியாக ஒன்றும் சொல்லாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

காகிதத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 2024-இல் புதுப்பித்த இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கி நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத வண்டிக்கு அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்காண்டு ஏறும். முந்தைய ஆண்டில் 35 ஆக இருந்தது 2024-இல் திடீரென்று சுழியம் ஆகியிருந்தால், அந்த ஆண்டு எதற்காகக் கிளெய்ம் வாங்கினீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கருவி கொண்டு பார்ப்பவை

ஓபிடி ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி செல்பேசியோடு இணைத்தால் பிழைக் குறியீடுகள் தெரியும். குறியீடு ஒன்றும் இல்லை என்பதை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். நீங்கள் வருவதற்கு முன் அழித்திருக்கலாம். குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரத்தைப் பல கார்கள் காட்டும். அது பத்து இருபது கிலோமீட்டராக இருந்தால் நேற்றோ இன்று காலையோ அழித்திருக்கிறார்கள். சூடான என்ஜினில் கூலண்ட் வெப்பம் 85 முதல் 100 டிகிரிக்குள் நிற்கிறதா என்றும் அதிலேயே பார்க்கலாம்.

மேலே சொன்னவற்றில் ஏதாவது ஐயம் தட்டினால், அதுவும் வெள்ள ஐயம் இருந்தால், பட்டறையில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தம், பார்த்துவிடுங்கள். பெட்ரோல் என்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை இருக்கும், டீசலில் 350-க்கு மேல். எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கிடையேயான வேறுபாடு. அது 10, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்ஜினில் ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு, கேஸ்கட் அல்லது வளைந்த ராட்.

டைமிங் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் உள்ள வண்டியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டஸ்டரின் 1.5 டீசலுக்கும் பழைய இன்னோவாவின் 2.5 டீசலுக்கும் பெல்ட்தான். மாற்றிய பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதும். பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த டீசல், அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிந்தையது, டவுனுக்குள் மட்டும் ஓடியிருந்தால் சைலன்சரிலுள்ள துகள் வடிகட்டி அடைபட்டிருக்கலாம். ஸ்கேனரில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கேஸில் ஓடிய ஆம்னி போன்ற வண்டிகளில் வால்வு சீட் தேய்மானத்தைக் கவனியுங்கள். டி போர்டிலிருந்து (டாக்சிப் பதிவு) ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகப் பதிவு) மாற்றிய வண்டி என்பதற்காகவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். விலை அதற்கேற்ப இருந்து சர்வீஸ் பில் இருந்தால் பார்க்கலாம்.

எண்ணும் விலையும்

என்ஜினில் அச்சிட்ட எண்ணை ஆர்சி புத்தகத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடுங்கள். என்ஜின் மாற்றியிருந்து ஆர்சியில் பதியாவிட்டால் பெயர் மாற்றத்தில் சிக்கல் வரும். டிஎன் 72, 76, 69 எதுவானாலும் எம்பரிவாகன் செயலியில் கடன், இன்சூரன்ஸ், வண்டியின் வயது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேரள வண்டிக்கு அங்கிருந்து தடையில்லாச் சான்றும் இங்கே சாலை வரியும் வேண்டும். விலை குறைவு என்று நினைத்தது அங்கே சமமாகிவிடும்.

விலை பேசும்போது குறைகளை மூன்று கூடைகளாகப் பிரித்துக்கொள்வேன். மவுண்டிங், ஹோஸ், தெர்மோஸ்டாட், மேல்புறக் கசிவு போன்றவற்றுக்குச் செலவைக் கழித்து வாங்கலாம். செயின், டர்போ, இன்ஜெக்டர் என்றால் பட்டறையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதைக் காட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். பேரிங் சத்தம், எண்ணெயில் தண்ணீர், விடாத குமிழி, வெள்ள வண்டல் ஆகியவற்றுக்கு விலையே கிடையாது. "பாதி விலைக்குத் தருகிறேன் தம்பி" என்றாலும் வேண்டாம்.

வாங்கியபின் முதல் வாரம் என்ஜின் எண்ணெய், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசலானால் டீசல் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். பழைய எண்ணெயை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் வடியவிட்டு, வெயிலில் சாய்த்து, உலோகத் துகள் மினுங்குகிறதா என்று பார்க்கலாம். கூலிங் பாதை முழுவதையும் அலசி, கூலண்டைக் காய்ச்சி வடித்த நீரோடு கம்பெனி சொல்லும் விகிதத்தில் நிரப்புங்கள். விகிதம் தெரியாவிட்டால் பாதிக்குப் பாதி. மினரல் வாட்டர் கேனிலிருந்து ஊற்ற வேண்டாம். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள்.